தங்கை மகளுக்காக நான் எழுதிய மனு

1

என் மகன் ஆதவனுக்குப் பள்ளியில் கொடுக்கப்படும் உதவிகளை இங்கே ஆண்டுக்கொரு முறை மறுபரிசீலனை செய்வார்கள். அதற்கான படிவம் சென்ற வாரம் தபாலில் வந்தது. ஆறாம் பக்கத்தில் ஒரு பெரிய கட்டம். உங்கள் பிள்ளைக்கு எதெல்லாம் சிரமம், விவரமாக எழுதவும் என்று போட்டிருக்கிறது. மற்ற ஆண்டுகளில் அரை மணி நேரத்தில் அதை நிரப்பிவிடுவேன். இடம் போதாமல் தனித்தாள் இணைத்ததும் உண்டு. இந்த முறை எட்டு நாளாகப் படிவம் சாப்பாட்டு மேசையிலேயே கிடக்கிறது. என் மனைவி ஒவ்வொரு வேளையும் அதை நகர்த்திவிட்டுத் தட்டு வைக்கிறாள். ஏன் இன்னும் எழுதவில்லை என்று கேட்கவில்லை. ஊரில் நடந்தது அவளுக்குத் தெரியும்.

இங்கிலாந்துக்கு வந்து பதினேழு ஆண்டுகள் ஆகின்றன. ஆதவன் பிறந்தது இங்கேதான். நான்காவது வயதில் ஆட்டிசம் என்றார்கள். அப்போது எங்களுக்கு ஆலோசனை சொன்னவர், வீட்டில் ஒரே மொழி பேசுங்கள், இரண்டு மொழி அவனைக் குழப்பும் என்றார். அன்று மாலையே தமிழை நிறுத்தினோம். அடுப்படியில்கூட நானும் மனைவியும் ஆங்கிலத்தில் பேசிக்கொண்டோம், பரீட்சைக்குத் தயாராகிறவர்களைப் போல. ஆறு ஆண்டுகள் கழித்து வேறொரு மருத்துவர், அப்படி நிறுத்தியிருக்க வேண்டியதே இல்லையே என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டு அடுத்த கேள்விக்குப் போனார். இப்போது அவனுக்குப் பதினைந்து வயது. தமிழில் ‘வா’, ‘போதும்’, ‘தயிர்’ என்று மூன்று சொற்கள் தெரியும்.

இன்னொரு ஆலோசனை பெற்றோர் கூட்டம் ஒன்றில் கிடைத்தது. எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த வெள்ளைக்காரப் பெண்மணி என் படிவத்தை எட்டிப் பார்த்தார். அவருக்கு இரண்டு பிள்ளைகள், இரண்டு பேருக்கும் ஆட்டிசம். பிள்ளையின் நல்ல நாளை எழுதாதே, மிக மோசமான நாளை எழுது, அப்போதுதான் ஏதாவது கிடைக்கும் என்றார். சொன்னபடி எழுதினேன். கிடைத்தது. காலை எட்டேகாலுக்கு வாசலில் வந்து நிற்கும் டாக்ஸி, வகுப்பில் பக்கத்தில் உட்கார ஓர் ஆள், பேச்சுப் பயிற்சி எல்லாம் அப்படி வந்தவை. பதினோரு ஆண்டுகளாக அவனால் முடியாதவற்றை எழுதித்தான் அவனுக்கு வேண்டியதை வாங்கியிருக்கிறோம். மாடியில் நான்கு கோப்புகள் இருக்கின்றன. அவனுடைய ஒரு நல்ல நாள்கூட அவற்றில் இல்லை.

இந்த வேலையில் நான் கெட்டிக்காரன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

2

அப்பா இறந்து ஓராண்டு ஆனதற்காக ஜூலையில் ஊருக்குப் போனேன். ஆறு வார விடுப்பு. ஆதவனின் அன்றாட ஒழுங்கைக் கலைக்க முடியாது, அதனால் மனைவி அவனோடு இங்கேயே இருந்துவிட்டாள்.

எங்கள் ஊர் கள்ளக்குறிச்சிக்கு மேற்கே, கச்சிராயபாளையம் தாண்டி, கல்வராயன் மலையின் அடிவாரத்தில் இருக்கிறது. சுற்றிலும் மரவள்ளியும் கரும்பும். மலைமேல் வெள்ளிமலைக்குப் போகும் பேருந்துகள் எங்கள் ஊர்ச் சாலை வழியாகத்தான் போகின்றன. என் தங்கை மலர் இருப்பது அதே ஊரில்தான். அவள் கணவன் ஏழுமலை மரவள்ளிக் கிழங்கு ஏற்றும் லோடு வண்டி ஓட்டுகிறான். ஒரே மகள் ரித்திகா. எட்டு வயது, அரசுப் பள்ளியில் மூன்றாம் வகுப்பு. அவளுக்கும் ஆட்டிசம்.

ரித்திகா அதிகம் பேச மாட்டாள். ஆனால் ஹாரன் சத்தத்தை வைத்தே எந்தப் பேருந்து என்று சொல்லிவிடுவாள். வெள்ளிமலை வண்டி கொண்டை ஊசி வளைவுகளுக்குப் பழகிய வண்டி. அதன் ஹாரன் ஊருக்குள்ளும் நீளமாகவே கேட்கும். அது கேட்டால் போதும், செய்துகொண்டிருப்பதைப் போட்டுவிட்டு ஓடுவாள்.

அப்பாவுக்குப் படையல் போட்ட மறுநாள் மலர் கேட்டாள்.

“உன் புள்ளைக்கு அந்த ஊரு கவர்மெண்ட்டுகிட்ட எல்லாம் எழுதி எழுதியே வாங்குனியே. இவளுக்கும் ஒரு மனு எழுதிக் குடுண்ணா.”

“இப்போ யார் சொல்லிக் கொடுக்கிறார்கள்?” என்று கேட்டேன். கொஞ்சம் பேசினால் என் தமிழ் இப்படித்தான் புத்தகம்போல ஆகிவிடுகிறது. மலர் சிரித்தாள்.

“நியூஸ் வாசிக்காத. வட்டார ஆபீஸ்லேர்ந்து ஸ்பெஷல் டீச்சர் ஒருத்தங்க வராங்க. நல்லவங்கதான். ஆனா மலைக்கும் போய்க்கினு கீழயும் வரணும், பாவம். பதினஞ்சு நாளைக்கு ஒரு தபா வந்தா ஜாஸ்தி. வாரத்துக்கு ரெண்டு நாள் வந்தா இவளுக்கு எழுத்து வந்துடும். வேற ஒண்ணும் வேணாம்.”

அவ்வளவுதான் அவள் கேட்டது. எனக்குள் ஒரு சுறுசுறுப்பு வந்துவிட்டது. பதினேழு ஆண்டில் நான் ஊருக்குக் கொண்டுவந்த பொருட்களில் வாசனைத் திரவியமும் சாக்லேட்டும் தவிர உருப்படியானது எதுவும் இல்லை. இதோ, எனக்கு மட்டும் தெரிந்த ஒன்று.

இரண்டு நாள் மலரை உட்கார வைத்துக் கேள்வி கேட்டேன். எப்போது கையைக் கடித்துக்கொள்கிறாள், எத்தனை முறை வகுப்பைவிட்டு ஓடியிருக்கிறாள், சத்தம் வந்தால் என்ன செய்கிறாள், கழிப்பறைக்குத் தனியாகப் போவாளா. மலர் ஒவ்வொன்றுக்கும் தயங்கினாள்.

“துணியெல்லாம் கலரு பாத்து மடிச்சு வெப்பாண்ணா. அதுவும் எழுதிக்க.”

“அது வேண்டாம்.”

“ஏன்?”

“அதை எழுதினால் இவளுக்கு உதவி தேவையில்லை என்று நினைத்துவிடுவார்கள்.”

அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். ஆனால் நம்பினாள். பத்தாவது படித்தவள், கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். அவளை ஒரு வரிகூட எழுதவிடவில்லை.

மூன்று பக்கம் வந்தது. கள்ளக்குறிச்சியில் ஒரு கடையில் தட்டச்சு செய்தேன். ‘ஒரு நொடியும் தனியே விட முடியாதவள்’, ‘கண் இமைக்கும் நேரத்தில் சாலைக்கு ஓடிவிடுவாள்’, ‘பள்ளியில் இவளுடைய பாதுகாப்புக்கு எந்த ஏற்பாடும் இல்லை’. எல்லாம் நான் ஆங்கிலத்தில் நூறு முறை எழுதிய வாக்கியங்கள். அங்கே இவை வெறும் அலுவலகச் சொற்கள். தமிழில் படித்தபோது அவை ஒரு குழந்தையின் மேல் சொல்லும் குற்றச்சாட்டுபோல ஒலித்தன. நன்றாக வந்திருக்கிறது என்று அதற்குப் பொருள் கொண்டேன்.

3

திங்கட்கிழமைதோறும் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் மக்கள் குறைதீர் நாள். வெளியே வரிசையாக மனு எழுதுகிறவர்கள் அட்டையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். மனுவுக்கு மேலே முகவரி சரியாக இருக்கிறதா என்று பார்க்க ஒரு பெண்ணிடம் காட்டினேன். முப்பது வயது இருக்கும், காதில் பேனா. மூன்று பக்கத்தையும் புரட்டினார்.

“இன்னா சார் இது, கேஸ் கட்டா?”

“மனுதான்.”

“மனுன்னா மேல போறவரைக்கும்தான் மனு. அப்புறம் எழுதுனதெல்லாம் கீழ வரும். யாரு கைக்கு வருதோ அவங்க படிப்பாங்க. பாத்து சார்.”

சிரித்துவிட்டு வாங்கிக்கொண்டேன். வரிசையில் எனக்கும் மலருக்கும் முன்னால் பட்டா கேட்டு ஒருவர், முதியோர் உதவித்தொகை கேட்டு ஒருவர். எல்லார் கையிலும் ஒற்றைத் தாள். என்னுடையதுதான் கனமாக இருந்தது. ஒப்புகைச் சீட்டைக் கொடுத்தார்கள். மலர் அதை நான்காக மடித்துப் பர்சில் வைத்துக்கொண்டாள். திரும்பும் வழியில் கடையில் சர்பத் வாங்கிக் கொடுத்து, “ரெண்டு வாரத்துல ஸ்பெஷல் டீச்சர் வந்துடுவாங்க இல்லண்ணா?” என்றாள்.

வந்துவிடுவார் என்றேன்.

4

பதினாறாம் நாள் பள்ளியிலிருந்து அழைத்தார்கள். நானும் மலரும் போனோம். அங்கே போவது அதுதான் எனக்கு முதல் முறை. இதைத் திரும்பத் திரும்ப நினைத்துப் பார்க்கிறேன். ஒரு பள்ளியைப் பற்றி மூன்று பக்கம் எழுதியவன், அதன் வாசலைக்கூட மிதித்ததில்லை. இங்கிலாந்தில் பழகிய பழக்கம் அது. பள்ளி ஒரு பக்கம், பெற்றோர் ஒரு பக்கம், நடுவில் காகிதம்.

தலைமையாசிரியையை ஊரில் பெரிய டீச்சர் என்பார்கள். மேசையில் என் மனுவின் நகல் இருந்தது. மேல் அலுவலகத்தில் யாரோ சிவப்பு மையில் வரிகளுக்கு அடிக்கோடு போட்டிருந்தார்கள். ஓரத்தில், ‘விளக்கம் தேவை’.

“சார், நீங்க படிச்சவங்க. எழுதுறதுக்கு முந்தி ஒரு வார்த்த என்கிட்ட வந்து கேட்டிருக்கலாம் இல்லீங்களா?”

“உதவிதானே கேட்டோம், டீச்சர்?”

“உதவி மூணாவது பக்கத்துல இருக்குதுங்க. மொத ரெண்டு பக்கம் இன்னா எழுதியிருக்கீங்கன்னு பாருங்க.” அவர் தாள்களை என் பக்கம் திருப்பி வைத்தார். “ஒரு ஏற்பாடும் இல்லன்னு எழுதியிருக்கீங்க. வாங்க, வந்து பாருங்க.”

கூட்டிக்கொண்டு போய்க் காட்டினார். கேட்டுக்குப் பூட்டு இல்லை. பழைய சைக்கிள் ட்யூபை இரண்டு சுற்றுச் சுற்றிக் கட்டியிருந்தார், சின்னப் பிள்ளைகளால் அவிழ்க்க முடியாத உயரத்தில். காலை வெள்ளிமலைப் பேருந்து வரும் நேரத்துக்குக் கொஞ்சம் முன்னால் ரித்திகாவைச் சத்துணவுக் கூடத்துக்கு அனுப்பிவிடுவாராம். அங்கே சமையல் செய்யும் பச்சையம்மா அவளிடம் முட்டைகளைக் கொடுப்பார். ரித்திகா அட்டையின் குழிகளில் ஒவ்வொன்றாக அடுக்குவாள். பேருந்து ஹாரன் அடித்துக்கொண்டு போகும். அவள் ‘வெள்ளிமலை’ என்பாள், அடுத்த முட்டையை எடுப்பாள்.

“ஒரு முட்ட ஒடச்சதில்ல சார் அது,” என்றார் பச்சையம்மா கரண்டியைத் துடைத்துக்கொண்டே. என்னைப் பார்க்காமல் சொன்னார்.

திரும்பி அறைக்கு வந்ததும் பெரிய டீச்சர் குரலைத் தாழ்த்தினார். “பச்சையம்மா சமைக்கிறதுக்கு வந்தவங்க. புள்ளயப் பாத்துக்கணும்னு அவங்களுக்கு ஒரு உத்தரவும் கெடையாது. ட்யூப் போட்டு கேட்டக் கட்டுனேன்னு நான் விளக்கத்துல எழுத முடியுமா? மூணு வருசமா வாயாலயே நடந்துக்கினு இருந்துது. நீங்க எழுத்துல கொண்டாந்துட்டீங்க. நாளைக்கு ரோட்டுல எதனா ஒண்ணு ஆச்சுன்னா, அப்பவே எழுதிக் குடுத்தாங்களேன்னுதான் என்னக் கேப்பாங்க.”

“அதுக்கு இப்ப இன்னா பண்றது டீச்சர்?” என்றாள் மலர்.

“வூட்டு வழிக் கல்வின்னு ஒண்ணு இருக்குது மலரு. ஸ்பெஷல் டீச்சர் உங்க வூட்டுக்கே வருவாங்க. பேரு ரிஜிஸ்டர்ல அப்டியே இருக்கும்.”

“பேரு இருந்து? புள்ள இங்க வரணும் டீச்சர்.”

“உங்க மனுவுலயே இருக்குதே, ஒரு நொடி தனியா விட முடியாதுன்னு. நான் இன்னா பண்ணட்டும்?”

மலர் என்னைப் பார்த்தாள். நான் மனுவில் என் கையால் இட்ட பத்தி எண்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

5

ஏழுமலை அதிகம் பேசுகிறவன் இல்லை. அன்று வண்டியை நிறுத்திவிட்டு வந்து, கை கழுவி, எல்லாவற்றையும் கேட்டான்.

“மச்சான், உங்க ஊர்ல ஓடிடும்னு எழுதுனா கூட ஒரு ஆளு போடுவாங்க. இங்க புள்ளய வூட்ல போடுவாங்க.”

“நான் சரி பண்றேன், மாப்ளே.”

“நீங்க இன்னும் பத்து நாள்ல பிளேன் ஏறிடுவீங்க. சரி பண்றது எங்க? வாட்சப்லயா?”

மலர் அவனை அதட்டினாள். ஆனால் எனக்குச் சாப்பாடு வைத்துவிட்டு அவளும் உள்ளே போய்விட்டாள்.

மறுநாளிலிருந்து ரித்திகா பள்ளிக்குப் போகாமல் வீட்டில் இருந்தாள். காலையில் எழுந்து சீருடையை எடுத்துக் கட்டில்மேல் விரிப்பாள். மலர் மடித்து உள்ளே வைப்பாள். மறுபடி விரிப்பாள். இரண்டாம் நாள் கையைக் கடித்துக்கொண்டாள். மனுவில் நான் ‘அடிக்கடி’ என்று எழுதியிருந்தேன். அதற்கு முன் ஓராண்டாக அவள் அதைச் செய்யவில்லை என்று அன்றுதான் மலர் சொன்னாள்.

நான்காம் நாள் மலர் கச்சிராயபாளையத்துக்குப் போயிருந்தாள். ஏழுமலை லோடு எடுத்துப் போய்விட்டான். ரித்திகாவைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு என்னுடையது. நான் மடிக்கணினியைத் திறந்துவைத்து இரண்டாவது மனுவை எழுதிக்கொண்டிருந்தேன், குழந்தையைப் பள்ளியில் அனுமதிக்க மறுப்பது சட்டப்படி தவறு என்று. கோபத்தில் விரல்கள் வேகமாக ஓடின. நல்ல வாக்கியங்கள் வந்தன. நிமிர்ந்து பார்த்தபோது அவள் இல்லை.

அடுத்த ஒரு மணி நேரத்தை என்னால் வரிசையாகச் சொல்ல முடியவில்லை. கொல்லை, கிணற்றடி, பக்கத்து வீடு, மரவள்ளிக் காடு. கிணற்றை எட்டிப் பார்த்தேன். அப்புறம் வாய்க்கால். அணையிலிருந்து தண்ணீர் விட்டிருந்தார்கள், செந்நிறமாகப் போய்க்கொண்டிருந்தது. கரையோரமாக ஓடினேன். செருப்பு எங்கே விழுந்ததென்று தெரியாது. அவள் பெயரைக் கத்தினேன், பெயர் சொல்லிக் கூப்பிட்டால் அவள் திரும்பமாட்டாள் என்று தெரிந்தும். கரும்பு வெட்டிக்கொண்டிருந்தவர்கள் கத்தியைப் போட்டுவிட்டு வந்தார்கள். “இன்னா கலர் துணி?” என்று ஒருவர் கேட்டார். எனக்குத் தெரியவில்லை. காலையிலிருந்து மூன்று மணி நேரம் எதிரே இருந்தவள் என்ன நிறத்தில் உடுத்தியிருந்தாள் என்று எனக்குத் தெரியவில்லை.

தூரத்தில் வெள்ளிமலை வண்டியின் ஹாரன் கேட்டது. கரையிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

கைபேசி அடித்தது. அதை எடுக்கவே கை வரவில்லை. மூன்றாவது முறை அடித்தபோது கரும்புக்காரர் ஒருவர் என் சட்டைப் பையிலிருந்து எடுத்து என் காதில் வைத்தார். பச்சையம்மா.

“மலரு போன எடுக்கல, அதான் உங்களுக்கு அடிக்கிறேன். புள்ளயத் தேடிக்கினு இருக்கீங்களா? இங்கதான் இருக்குது. முட்ட அடுக்கிக்கினு இருக்குது.”

ஒன்றரைக் கிலோமீட்டர். சாலையோரமாகவே நடந்திருக்கிறாள். தோளில் பள்ளிப் பை, சீருடைப் பாவாடை, மேலே வீட்டுச் சட்டை. கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றவளைப் பெரிய டீச்சரே வந்து ட்யூபை அவிழ்த்து உள்ளே விட்டிருக்கிறார்.

நான் போனபோது அவர் வாசலில் நின்றிருந்தார். அழுதிருந்தார் என்று நினைக்கிறேன்.

“வந்த புள்ளய நான் எப்டி சார் தொரத்துறது?” என்றார். கோபமாகத்தான் கேட்டார். கொஞ்ச நேரம் கழித்து, ஊர் திரும்பியதும் சேதி கேட்டு ஓடிவந்த மலரிடம் சொன்னார், “எழுத்துல வந்தத எழுத்துலதான் மாத்தணும். அதுவரைக்கும் நீ கூட வந்து உக்காரு.”

“இன்றைக்கே எழுதித் தருகிறேன்” என்றேன்.

“வேணாண்ணா” என்றாள் மலர். எவ்வளவு மெதுவாகச் சொன்னாள் என்றால், பெரிய டீச்சருக்குக் கேட்டிருக்காது.

6

திரும்பி வந்து ஏழு வாரம் ஆகிறது. காலையில் டாக்ஸி வருகிறது. ஆதவன் ஏறி, தானே பெல்ட் போட்டுக்கொண்டு, ஓட்டுநரிடம் வானிலையைப் பற்றி ஒரு வாக்கியம் சொல்கிறான். கதவு மூடுகிறது. அதன்பின் அவன் பள்ளிக்குப் போய்ச் சேர்ந்துவிட்டானா என்று நான் பள்ளிக்குத் தொலைபேசி செய்கிறேன். முன்பு அப்படிச் செய்ததில்லை. மூன்றாம் வாரம் வரவேற்பில் இருந்த பெண், எல்லாம் சரியாக இருக்கிறதா, உங்களுக்கு யாரிடமாவது பேச வேண்டுமா என்று தன்மையாகக் கேட்டார். வேலையில் கூட்டத்துக்கு நடுவே வாய்க்கால் தண்ணீர் நினைவுக்கு வருகிறது. எழுந்து போய் முகம் கழுவிக்கொள்கிறேன்.

ஆதவன் ஒருநாள் மேசையில் கிடந்த படிவத்தைப் பார்த்துவிட்டு, இது என்னைப் பற்றியதா என்று ஆங்கிலத்தில் கேட்டான். ஆமாம் என்றேன். அவன் ஆறாம் பக்கத்தைச் சத்தமாகப் படித்தான். கட்டம் காலியாக இருந்ததால், சிரமம் ஒன்றும் இல்லை போலிருக்கிறது என்று முடிவு செய்துகொண்டு மாடிக்குப் போனான். இன்னும் ஆறு நாளில் அனுப்பியாக வேண்டும். நல்ல நாளை எழுதினால் டாக்ஸி போய்விடும் என்ற பயம் எனக்குப் பொய்யில்லை. இங்கே அது நடந்த குடும்பங்கள் உண்டு. மோசமான நாளைத்தான் எழுதப் போகிறேன். ஆனால் இந்த முறை, அனுப்புவதற்கு முன்னால் அதை அவனிடம் படித்துக் காட்ட வேண்டுமென்று நினைக்கிறேன். எப்படி என்று தெரியவில்லை.

மலரோடு வாரத்துக்கு இரண்டு முறை பேசுகிறேன். நான் வந்த பிறகும் அவள் தினமும் பள்ளி வளாகத்தில் உட்கார்ந்திருந்தாள், ரவிக்கைகளுக்குக் கொக்கி தைக்கும் வேலையைக் கையோடு எடுத்துக்கொண்டு. சென்ற மாதம் அவளே ஒரு மனு எழுதிக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டாள். எனக்குச் சொல்லவில்லை. ஏழுமலை சொல்லித்தான் தெரியும். முதலில் பெரிய டீச்சரையும் பச்சையம்மாவையும் ஸ்பெஷல் டீச்சரையும் ஒரே பெஞ்சில் உட்கார வைத்து, என்ன எழுதலாம் என்று கேட்டாளாம்.

நேற்று காலை, அங்கே பகல், அவளே அழைத்தாள்.

“லெட்டர் வந்துடுச்சுண்ணா. கேட்டுக்குப் பூட்டு போட்டாச்சு. பஸ்ஸு நேரத்துக்குப் பச்சையம்மா அக்கா பாத்துக்கலாம்னு எழுத்துலயே குடுத்துட்டாங்க. இவ கிளாஸ்லதான் இருக்கா. நான் வூட்டுக்கு வந்துட்டேன்.”

“ஸ்பெஷல் டீச்சர்?”

“வாரத்துக்கு ஒரு நாள். ரெண்டு நாள் இன்னும் இல்ல. மறுக்கா கேப்பேன்.”

எனக்குச் சந்தோஷத்தைவிட முதலில் வந்தது பழைய பதற்றம்தான். “என்ன எழுதினாய்? நகல் இருக்கிறதா? படத்தை அனுப்பு, நான் ஒருமுறை பார்க்கிறேன்.”

“குடுத்து முடிஞ்சு பதிலும் வந்துடுச்சு, இனி நீ இன்னாத்தப் பாக்கப் போற? ஒரு பக்கம்தான். படிக்கிறேன், கேட்டுக்க.”

படித்தாள். பெயர், வகுப்பு, பள்ளி. அப்புறம், ‘ஆகஸ்டு மாதம் என் மகள் வீட்டிலிருந்து பள்ளிக்குத் தனியாக நடந்து வந்து சேர்ந்தாள். வழியில் பேருந்துகள் போகும் சாலை இருக்கிறது. ஆகையால்’ என்று தொடங்கி மூன்று வேண்டுகோள்கள்.

“மலர், அவள் வீட்டைவிட்டு ஓடியதையா எழுதினாய்? அதை வைத்தே மறுபடி வீட்டில் இருக்கச் சொல்லிவிட்டால்?”

“ஓடல. அத உங்க மனுவுல நீங்க எழுதுனீங்க.” எப்போதும் ‘நீ’ என்று பேசுகிறவள், அந்த ஒரு வாக்கியத்துக்கு மட்டும் ‘நீங்க’ என்றாள். “அவ ஸ்கூலுக்குப் போனாண்ணா.”